சுபுஹுக்கு எழ முடியாத பிள்ளை: செரோட்டோனினும் மூளையின் தாளமும்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தாயார் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார்கள். கணவர் மவுத்தாகி ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகன், வயது 22. மொபைல் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், ஐந்து மாதமாக வேலைக்குப் போகவில்லை. மருத்துவ உதவி விண்ணப்பத்தை நிரப்பும்போது, "என்ன நோய் என்று எழுதட்டும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணே, சர்க்கரை மாத்திரைன்னு எழுதிக்குங்க. மனசுக்குன்னு எழுதி வெளியில தெரிஞ்சா அவனுக்கு யாரு பொண்ணு கொடுப்பாங்க?" என்றார்கள்.

பிறகு விவரம் சொன்னார்கள். பையன் இரவு மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறான். கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கிறான். ஆனால் சுபுஹு பாங்கு சொல்லும்போது அவனால் எழுந்து உட்காரக்கூட முடிவதில்லை. மதியத்துக்கு மேல் கொஞ்சம் தெளிவாகிறான். "முழிச்சுக்கிட்டே படுத்துக் கிடந்து தொழுகையை விடுறானே, இது ஈமான் குறைவுதானே?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். மூன்று ஊர்களில் தாயத்து வாங்கிக் கட்டியாயிற்று. கடைசியாக ஒரு மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். பத்து நாள் சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று அதையும் நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தாயாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். இந்த வீட்டின் கதை இந்த ஒரு வீட்டோடு நிற்கவில்லை என்பது உதவி விண்ணப்பங்களைப் பார்க்கும் எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு எழுதப்பட்ட மாத்திரை, மூளையில் 'செரோட்டோனின்' என்ற பொருளின் மீது வேலை செய்வது. அது என்ன, ஏன் அவன் மூன்று மணிக்கு விழிக்கிறான், ஏன் பத்து நாள் போதாது என்பதை நம் மக்கள் தெரிந்துகொண்டால், பாதிச் சங்கடம் தீரும் என்று நினைக்கிறேன்.

செரோட்டோனின் என்பது என்ன?

1930களில் இத்தாலியைச் சேர்ந்த விட்டோரியோ எர்ஸ்பாமர் என்ற ஆய்வாளர் குடலின் உட்சுவரில் ஒரு பொருளைக் கண்டார். 1948ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகிய மூவர் இரத்தத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதற்குச் செரோட்டோனின் என்று பெயரிட்டார்கள். பிற்பாடு இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தது. 1953ல் பெட்டி டுவாராக் என்ற பெண் விஞ்ஞானி பேஜுடன் சேர்ந்து, அதே பொருள் மூளையிலும் இருக்கிறது என்று காட்டினார்.

உடலில் உள்ள செரோட்டோனினில் சுமார் 90 சதவீதம் வயிறு, குடல் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே அது குடலின் அசைவைக் கவனித்துக்கொள்கிறது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருப்பதால், குடலில் உள்ளது மூளைக்குள் போக முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதற்கான மூலப்பொருள், பால், முட்டை, பருப்பு, மீன் முதலியவற்றில் கிடைக்கும் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம்.

"வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டால் செரோட்டோனின் ஏறி மனக்கவலை போய்விடும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வாழைப்பழத்தில் செரோட்டோனின் இருப்பது உண்மைதான். அது மேலே சொன்ன தடுப்பைத் தாண்டாது. பழங்கள் இறைவனின் நிஃமத், தாராளமாகச் சாப்பிடலாம். மருந்துக்குப் பதிலாகச் சாப்பிடக் கூடாது.

மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. செரோட்டோனின் தயாரிப்பவை அவற்றில் சில லட்சம் மட்டுமே. மூளைத்தண்டின் நடுக்கோட்டில் 'ரஃபே' என்ற இடத்தில் அவை கூட்டமாக இருக்கின்றன. எண்ணிக்கையில் சொற்பம் என்றாலும் அவற்றின் இழைகள் கிட்டத்தட்ட மூளை முழுவதும் போய்ச் சேர்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் முஅத்தினை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒருவர்தான். அவர் குரல் ஊர் முழுக்கக் கேட்கிறது. அவர் யாருக்காகவும் தொழுவதில்லை, நேரத்தை அறிவிக்கிறார். கேட்டவர்களில் ஒருவர் கடையை மூடுகிறார், ஒருவர் ஒளு செய்கிறார், ஒருவர் குழந்தையை எழுப்புகிறார். செரோட்டோனினும் அப்படித்தான். அதை ஏற்றுக்கொள்ளும் ஏற்பிகள் 14 வகை இருக்கின்றன. எந்த இடத்தில் எந்த ஏற்பி இருக்கிறதோ, அதைப் பொறுத்து ஓரிடத்தில் வேகம் கூடும், ஓரிடத்தில் அடங்கும். ஆகவே அதை 'மகிழ்ச்சி இரசாயனம்' என்று சொல்வது பொருத்தமில்லை. மூளை எந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

மூளைக்கும் தாளம் உண்டு

1924ல் ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர், மனித மண்டையின் மேல் மின்முனைகளை வைத்து, மூளையிலிருந்து வரும் நுண்ணிய மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். இன்று மருத்துவமனைகளில் எடுக்கும் இ.இ.ஜி. அதுதான். நரம்பணுக்கள் இலட்சக்கணக்கில் ஒன்றுசேர்ந்து ஏறி இறங்கும்போது இந்த அலைகள் உண்டாகின்றன.

கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருந்தால் நொடிக்கு 8 முதல் 13 முறை ஏறி இறங்கும் ஆல்ஃபா அலை தெரியும். சுறுசுறுப்பாக வேலை செய்யும்போது அதைவிட வேகமான பீட்டா அலை. ஆழ்ந்த தூக்கத்தில் நொடிக்கு 4 முறைக்கும் குறைவான, பெரிய, மெதுவான டெல்டா அலை. கனவு காணும் தூக்கத்தில் அலைகள் மறுபடி விழிப்பு நிலை போலவே வேகமாகிவிடும். உடல் மட்டும் தளர்ந்து கிடக்கும். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்ற இந்தச் சுற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை என்று இரவில் நான்கைந்து தடவை வரும்.

விலங்குகளின் மூளையில் பதிவு செய்து பார்த்ததில் ஒரு வியப்பான விஷயம் தெரியவந்தது. விழித்திருக்கும்போது ரஃபே அணுக்கள் கடிகார முள் போல மெதுவாக, ஒழுங்காகத் துடிக்கின்றன. ஆழ்ந்த தூக்கத்தில் அந்தத் துடிப்பு குறைகிறது. கனவுத் தூக்கத்தில் ஏறக்குறைய முழுவதும் நின்றுபோகிறது. அதாவது, மூளையின் அலை மாறுவதும் செரோட்டோனினின் ஏற்ற இறக்கமும் கைகோத்து நடக்கின்றன.

நம் கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, உடலின் 24 மணி நேரக் கடிகாரம் இருக்கிறது. சுமார் 20,000 அணுக்கள் கொண்ட சிறு கொத்து அது. கண்ணிலிருந்து வெளிச்சத்தின் செய்தி அதற்கு வருகிறது; ரஃபேயிலிருந்து செரோட்டோனின் செய்தியும் வருகிறது. இருட்டிய பிறகு பீனியல் சுரப்பி தன்னிடமுள்ள செரோட்டோனினை மெலட்டோனினாக மாற்றி, 'இரவு வந்துவிட்டது' என்று உடம்புக்குச் சொல்கிறது. பகலுக்கும் இரவுக்கும் இவ்வளவு நெருக்கமான தொடர்பு இந்த ஒரு பொருளுக்கு இருக்கிறது.

மனச்சோர்வு நோயில் என்ன நடக்கிறது?

இப்போது அந்தப் பையனிடம் வருவோம். கடுமையான மனச்சோர்வு நோய் வந்தவர்களின் தூக்கத்தைப் பதிவு செய்து பார்த்தால், பலருக்கு ஆழ்ந்த தூக்கம் குறைந்திருக்கும். முதல் கனவுத் தூக்கம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிடும். விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே விழிப்பு வந்து, பிறகு தூக்கம் வராது. மனபாரம் விடியற்காலையில் மிக அதிகமாக இருந்து, பொழுது ஏற ஏறக் குறையும். மருத்துவர்கள் நீண்ட காலமாக அறிந்த அடையாளங்கள் இவை.

யோசித்துப் பாருங்கள். நோய் உச்சத்தில் அழுத்தும் நேரமும் சுபுஹு நேரமும் ஒன்றாக இருக்கின்றன. "முழிச்சுக்கிட்டே படுத்துக் கிடக்கிறான்" என்று நாம் குற்றமாகச் சொல்வதே அந்த நோயின் அடையாளம். மூட்டு வீங்கியவர் உட்கார்ந்து தொழுவதை நாம் குறை சொல்வதில்லை. நாற்காலி போட்டுக் கொடுக்கிறோம். இந்தப் பிள்ளையை மட்டும் ஏசுகிறோம், வீக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால்.

ஒரு மூலிகையும் ஒரு காசநோய் மருந்தும்

மனநிலைக்கும் செரோட்டோனினுக்கும் தொடர்பு இருக்கிறது என்று எப்படிச் சந்தேகம் வந்தது? அந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. சர்ப்பகந்தா என்ற மூலிகையை யூனானி ஹகீம்களும் ஆயுர்வேத வைத்தியர்களும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். டெல்லி திப்பியா கல்லூரியில் ஆராய்ச்சி செய்த சலீமுஸ்ஸமான் சித்தீக்கீ, 1931ல் அதிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து, தம்மை ஆதரித்த ஹகீம் அஜ்மல் கான் அவர்களின் நினைவாக அதற்கு 'அஜ்மலின்' என்று பெயர் வைத்தார். அதே மூலிகையிலிருந்து 1952ல் சுவிட்சர்லாந்தில் 'ரெசர்பின்' பிரிக்கப்பட்டு, இரத்த அழுத்தத்துக்கு மருந்தாகியது. அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வருவதாக மருத்துவர்கள் எழுதினார்கள். ரெசர்பின் மூளையின் செரோட்டோனின் இருப்பைக் கரைத்துவிடுகிறது என்பது 1955ல் தெரிந்தது. அதே காலத்தில், இப்ரோனியாசிட் என்ற காசநோய் மருந்தைச் சாப்பிட்ட நோயாளிகள் வழக்கத்துக்கு மீறி உற்சாகமாக இருந்தார்கள். அந்த மருந்து செரோட்டோனின் அழிவதைத் தடுப்பது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து, "செரோட்டோனின் குறைந்தால் மனச்சோர்வு, கூடினால் நலம்" என்ற எளிய கணக்கைப் பலர் போட்டார்கள். அந்தக் கணக்கு அப்படியே நிற்கவில்லை. 2022ல் லண்டன் ஆய்வாளர் ஜோனா மோன்கிரீஃப் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செரோட்டோனின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதினார்கள். இதைப் பிடித்துக்கொண்டு "மாத்திரையே ஏமாற்று" என்று சிலர் பரப்புகிறார்கள். அது தவறு. நோய்க்கு எது காரணம் என்பது ஒரு கேள்வி, மருந்து வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கிறது என்பதற்காக, உடம்பில் பாராசிட்டமால் குறைந்ததால் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. 2018ல் 'லான்செட்' இதழில் வெளியான, 522 ஆய்வுகளைத் தொகுத்த அறிக்கை, 21 மனச்சோர்வு மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடப் பலன் தருகின்றன என்று காட்டியது. பலன் எல்லோருக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதும் உண்மை.

நோய்க்குப் பல காரணங்கள் சேர்கின்றன: குடும்பத்தில் வழிவழியாக வரும் இயல்பு, இழப்பு, கடன், தனிமை, தைராய்டு போன்ற உடல் நோய்கள். செரோட்டோனின் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. மருந்தால் பிடித்து இழுக்க முடிகிற கண்ணி என்பதுதான் அதன் சிறப்பு.

பத்து நாள் ஏன் போதாது?

ஃப்ளூஆக்ஸெட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற மாத்திரைகள், வெளிவந்த செரோட்டோனின் திரும்ப அணுவுக்குள் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. இது சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. ஆனால் குணம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். இதற்கு ஒரு முக்கியமான விளக்கம் உண்டு. ரஃபே அணுக்கள் தம்மைச் சுற்றிச் செரோட்டோனின் கூடிவிட்டதை உணர்ந்து, முதலில் தம் துடிப்பைக் குறைத்துக்கொள்கின்றன. ஒலிபெருக்கி அதிகம் இரைந்தால் முஅத்தின் தம் குரலைத் தாழ்த்திக்கொள்வது போல. இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, துடிப்பு பழைய நிலைக்கு வருகிறது. மூளையின் இணைப்புகளும் மெல்ல மாற நாள் பிடிக்கிறது.

ஆக, பத்தாம் நாள் நிறுத்துவது, நாற்று நட்ட வாரமே கதிர் வரவில்லை என்று பிடுங்கிப் போடுவதற்குச் சமம். முதல் வாரத்தில் குமட்டல் வரலாம். குடலில்தான் செரோட்டோனின் அதிகம் என்று பார்த்தோமே, அதனால்தான். பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும்.

இன்னும் சில விஷயங்களை மனதில் வையுங்கள்:

இந்த மாத்திரைகள் போதை தருபவை அல்ல. தூக்க மாத்திரை வகையும் அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு வரும். மருத்துவர் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள்.

25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் சில வாரங்களில் அமைதியின்மையோ தவறான எண்ணங்களோ கூடலாம். வீட்டார் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் மிகுந்த உற்சாகமும் கட்டுக்கடங்காத பேச்சும் செலவும் இருந்திருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அது வேறு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் வேறு.

ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் சாப்பிடக் கூடாது. டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் இவற்றோடு சேரும்போது ஆபத்து உண்டு. என்னென்ன சாப்பிடுகிறோம் என்பதை மருத்துவரிடம் முழுதாகச் சொல்லுங்கள்.

ஒளு செய்துவிட்டு, சரியாக நனைந்ததா என்று பத்து முறை திரும்பச் செய்பவர்கள், தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டுபவர்கள் நம்மிடையே உண்டு. 'வஸ்வாஸ்' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது மணிக்கணக்கில் நீண்டு வாழ்க்கையையே முடக்கினால், அது எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். அதற்கும் இதே வகை மருந்தும் பேச்சு சிகிச்சையும் பலன் தருகின்றன.

ஓதிப் பார்ப்பதும் மருந்தும்

நோய்க்கு மருந்து தேடுவது நமது மார்க்கம் காட்டிய வழி. துஆவும் குர்ஆன் ஓதுவதும் மனதுக்கு ஆறுதல் தருபவை. அவற்றை யாரும் விட வேண்டியதில்லை. விடக்கூடாதது இரண்டையும் சேர்ந்து செய்வது. 'மருந்தை நிறுத்திவிட்டு வா, ஓதுகிறேன்' என்று ஒருவர் சொன்னால், அவரிடம் போகாதீர்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் இன்றி வந்து அழுத்தும் துக்கம் வேறு, பின்னதற்கு வேர் உடலில் இருக்கிறது என்று பிரித்துக் காட்டினார். கெய்ரோவில் 1284ல் கட்டப்பட்ட மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. அந்தப் பாரம்பரியத்துக்கு வாரிசுகளான நாம், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதியை மறக்கக் கூடாது. அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் மரணமடைந்தார்கள். இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது குற்றம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

தூங்கும் நேரமும் எழும் நேரமும் தினமும் ஒன்றாக இருப்பது மூளையின் தாளத்துக்குப் பெரிய உதவி. காலை வெளிச்சம் கண்ணில் படுவதும், கொஞ்சம் நடப்பதும் நல்லது. இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் இரவைக் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) விரும்பவில்லை என்பதை நாம் அறிவோம். இன்று அந்த வீண்பேச்சு கைபேசியில் நடக்கிறது. ஆனால் இவற்றை நோயாளியின் மேல் கட்டளையாகச் சுமத்தாதீர்கள். "எழுந்து வா, சேர்ந்து நடப்போம்" என்று கூடப் போங்கள். மூன்று மணிக்கு விழித்தவனுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தாலே போதும்.

ரமளானில் சஹர், தராவீஹ் என்று தூக்கத்தின் நேரம் மாறுகிறது. மருந்து சாப்பிடுபவர்கள் முன்னதாகவே மருத்துவரைப் பார்த்து, மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு உடலில் நீர் குறைந்தால் மருந்து நச்சாகக்கூடும். இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவதே நோயைத் திருப்பிக் கொண்டுவரலாம். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை மனநோயாளிக்கும் உண்டு. இதில் தயக்கம் இருந்தால் நமது இமாமிடம் கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனபாரம், எதிலும் விருப்பமின்மை, தூக்கக் கேடு, பசியின்மை, தன்னைத் தானே பயனற்றவன் என்று நினைப்பது ஆகியவை தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு ஹராம், ஹலால் விளக்கம் சொல்லும் நேரம் அது அல்ல. "அப்படி எண்ணம் வருகிறதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் உண்டாகாது. தனியாக விடாதீர்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது.

அந்தத் தாயாரின் விண்ணப்பத்தில் நான் சர்க்கரை என்று எழுதவில்லை. பொய்யான கணக்கு எழுத எனக்கு அதிகாரமில்லை. மனது என்றும் எழுதவில்லை. 'மருத்துவ உதவி' என்று மட்டும் எழுதினேன். நிர்வாகக் குழுவில் பேசி, இனி எல்லா நோய்க்கும் அந்த ஒரே தலைப்புதான் என்று முடிவு செய்திருக்கிறோம். மருத்துவமனைக்குப் போய்வரும் பேருந்துச் செலவும், துணைக்கு ஒரு ஆளும் தேவைப்படுபவர்கள் அலுவலகத்தில் சொல்லலாம். விவரம் வெளியே போகாது.

பையன் மறுபடி மருத்துவரைப் பார்த்து மாத்திரையைத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. போன வாரம் இரண்டு நாள் ஐந்து மணி வரை தூங்கினானாம். அதைச் சொல்லும்போது அந்தத் தாயாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அல்ஹம்துலில்லாஹ். அவனை இன்னும் பள்ளியில் பார்க்கவில்லை. பார்க்கும் நாளில், "இத்தனை நாள் எங்கே போனாய்?" என்று யாரும் கேட்காதிருப்போம். ஸலாம் சொல்லி, ஸஃப்பில் நகர்ந்து இடம் கொடுப்போம். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்